ஒரு முழு நிமிஷம்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. "ஊருக்கெல்லாம் டாக்டர், நமக்கு மட்டும் விருந்தாளி." அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, இப்படிப் பேசுகிறாளே என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், இதையே நான் அவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! உன் ஆண்டு விழாவுக்கு அவர் ஒரு வருஷமும் வரவில்லை. அதை நான் மழுப்ப மாட்டேன்.

ஆனால் உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. தெரிய வழியும் இல்லை, நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

மூன்று வயதில் உனக்கு அடிக்கடி சளி பிடிக்கும். அவர் எந்நேரம் வந்தாலும் சட்டையைக்கூட மாற்றாமல் உன் பக்கத்தில் மண்டியிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உன் மூச்சை எண்ணுவார். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கினால் ஆகாதா என்று கேட்டேன். "குழந்தைங்க மூச்சு சீரா இருக்காது. ஒரு முழு நிமிஷம் எண்ணணும்" என்றார். அந்த வயதில் 40ஐத் தொட்டால் நிமோனியாவோ என்று பார்க்க வேண்டுமாம். "முப்பத்தி நாலு" என்று என் காதில் சொன்ன பிறகுதான் சாப்பிட உட்காருவார். சளி விட்ட பிறகும் எண்ணுவதை விடவில்லை. அது வைத்தியம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

இன்னொன்று உனக்கே நினைவிருக்கும். 1816இல் லேனெக் என்ற பிரெஞ்சு டாக்டர் காகிதத்தைச் சுருட்டி நெஞ்சில் வைத்துக் கேட்டதுதான் ஸ்டெதாஸ்கோப்பின் தொடக்கம் என்று அவர் கதை சொன்ன அன்றே, நீ வீட்டுப்பாட நோட்டைச் சுருட்டி அவர் நெஞ்சில் வைத்தாய். "உள்ளே யாரோ கதவைத் தட்டுறாங்கப்பா" என்றாய். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கடைசியில் என்ன நடக்கும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். மூச்சு பெரிதாகும், அப்படியே தேயும், கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி வரும், நீ பதறாதே என்று. அப்படியேதான் நடந்தது. அன்று ராத்திரி அவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நான் எண்ணினேன். ஒன்பது வந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

சரி, குட்டிக்கு இருமல் என்றாயே, எப்படி இருக்கிறான்? அழும்போது எண்ணாதே, தூங்கும்போது எண்ணு. எண்ணிவிட்டு எனக்குப் போன் செய்.

அம்மா