அன்னதானக் கூடம் திருப்பணி நிறைவு அறிக்கை

பங்காளிகள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

கண்மாய்க்கரை அய்யனார் கோயிலின் அன்னதானக் கூடமும் மடப்பள்ளியும் கட்டி முடிந்து, இந்த மாசி சிவராத்திரிக்குப் பந்தியும் போட்டாகிவிட்டது. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையெழுத்தோடு கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறது. வெளியூர்ப் பங்காளிகளுக்கும் அனுப்பிவிட்டோம். தலைக்கட்டு வரி, நன்கொடை இரண்டுக்குள்ளேயே வேலை முடிந்தது, கடன் இல்லை. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் "கம்ப்யூட்டர் சொன்னபடி கோயில் கட்டிட்டாங்களாமே" என்று ஊரிலும் வெளியூரிலும் ஒரு பேச்சு ஓடுகிறது. எதைக் கம்ப்யூட்டர் செய்தது, எதை நாம் முடிவு செய்தோம் என்பதை எழுத்தில் வைக்கத்தான் இந்த அறிக்கை.

முதலில் ஒன்று. கருவறை, பீடங்கள், மண்குதிரைகள் எதிலும் கணினி கை வைக்கவில்லை. கருவறையும் பீடங்களும் ஸ்தபதி பார்த்தது, குதிரைகள் வேளார் செய்தது. கணினி வந்தது கூடத்துக்கு மட்டும்.

கூடத்தை எங்கே கட்டுவது என்பதில் நமக்குள் நடந்த சண்டை எல்லோருக்கும் தெரியும். ஒரு தரப்புக்கு அது கண்மாய்ப் பக்கம் இருக்க வேண்டும், இன்னொரு தரப்புக்குப் பாதைப் பக்கம். புளியமரத்தை வெட்டினால்தான் இடம் தோதாகும் என்று சிலர், மரத்தில் கத்தி வைத்தால் வரியே தரமாட்டோம் என்று சிலர். எந்த வரைபடம் வந்தாலும் அது யாரோ ஒருவருக்குச் சாதகமாக வரையப்பட்டது என்ற சந்தேகமும் கூடவே வந்தது. அப்போதுதான் நம் வீட்டில் பிறந்த பெண் ஒருவர், மதுரையில் கட்டடக்கலைஞராக இருப்பவர், படத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்கச் சொன்னார். யாருக்கு என்ன வேண்டுமோ சொல்லுங்கள், ஆனால் அளந்து பார்க்கக்கூடிய மாதிரி சொல்லுங்கள் என்றார். (பிறந்த பெண்களிடம் வரி வாங்குவதில்லை என்பது நம் வழக்கம். உழைப்பை மட்டும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டோம்.)

அவர் கையாண்ட முறைக்கு ஜெனரேட்டிவ் டிசைன் என்று பெயர். வழக்கமாக வரைபவர் ஒரு படம் போடுவார், நாம் குறை சொல்வோம், அவர் திருத்துவார். இதில் படத்துக்குப் பதில் விதிகளை எழுதுகிறார்கள். நீளம், அகலம், கதவு இருக்கும் இடம், தூண்களுக்கு நடுவே உள்ள தூரம், கூரைச் சரிவு எல்லாம் மாறக்கூடியவை. மாறக்கூடாதவை தனி. எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்ற குறிக்கோள்கள் தனி. கணினி நூற்றுக்கணக்கில் படங்களை உண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும். விதை நெல்லைப் பொறுக்கி அடுத்த போகத்துக்கு வைக்கிற மாதிரி, தேறியவற்றை எடுத்து, கலந்து, அடுத்த வரிசையை உண்டாக்கும். இப்படிப் பல தலைமுறை போகும்.

அவர் பயன்படுத்தியது ரைனோ என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளும், அதற்குள் இயங்கி விதிகளிலிருந்து படம் போடும் கிராஸ்ஹாப்பரும். வெயிலுக்கும் காற்றுக்கும் லேடிபக், பல குறிக்கோள்களைச் சேர்த்துப் பார்க்க வாலசேய். வாலசேய்க்குள் ஓடும் கணக்குமுறை கல்யாண்மய் தேவும் அவருடன் இருந்தவர்களும் கான்பூர் ஐஐடியில் உருவாக்கி 2002-இல் வெளியிட்டது. "வெளிநாட்டுக்காரன் கணக்கை வைத்து அய்யனாருக்குக் கட்டுவதா" என்று கேட்ட சித்தப்பாவுக்கு இது பதிலாகும் என்று நினைக்கிறோம். இதுவரை யார் இப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு, 2017-இல் டொராண்டோவில் வடிவமைப்பு மென்பொருள் செய்யும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் தன் அலுவலகத்தை அமைத்த கதையைக் காட்டினார். யார் பக்கத்தில் யார் உட்கார வேண்டும், வெளிச்சம், சன்னல் வழிப் பார்வை, கவனச்சிதறல் என்று ஆறு குறிக்கோள் வைத்து, சுமார் 10,000 அமைப்புகளைக் கணினி உருவாக்கி எடைபோட்டதாம்.

வாட்ஸ்ஆப் குழுவில் சில தம்பிகள் ஏஐ வரைந்த கோபுரப் படங்களை அனுப்பினார்கள். பார்க்கப் பிரமாதம்தான். ஆனால் அதில் அளவும் கிடையாது, பாரக் கணக்கும் கிடையாது. ஒரு படத்தில் தூண் தரையைத் தொடவே இல்லை. அது வேறு சரக்கு, இது வேறு சரக்கு.

சரி, விதிகள். மரம் எதையும் வெட்டக்கூடாது. இலைக்கு இரண்டடி. பரிமாறுகிறவர் நடக்க நாலடி. சாப்பிட்டு எழுந்து போகும் கூட்டமும் அடுத்த பந்திக்கு வரும் கூட்டமும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளக்கூடாது. ஸ்தபதி தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: நீளம், அகலம் இரண்டுக்கும் மனை சாஸ்திரம் சொல்லும் யோனிப் பொருத்தம் வேண்டும். அளவை 3-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் வரும் மீதி ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டடக்கலைஞருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. விதியாக எழுதத் தயாராகவே வந்த விதி என்றார்.

முதல் ஓட்டத்தில் கணினி ஒரு கூடத்தைக் களரியின் நட்டநடுவில் வைத்தது. மதிப்பெண்ணும் அதற்குத்தான் அதிகம். ஏன் வைக்காது? மேடு பள்ளம் இல்லாத தரை, மரமில்லை, பாதைக்குப் பக்கம். "அப்புறம் சாமி எங்கே ஆடும்?" என்று பெரியப்பா கேட்டதும் கூட்டமே சிரித்தது. களரி உடனே தடைப்பகுதியானது. பெண்கள் பேச ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். பொங்கல் அடுப்புகள் கிழக்குப் பார்த்து ஒரே வரிசையில் வர இடம் வேண்டும், கைக்குழந்தைக்காரர்கள் உட்கார நிழல் வேண்டும், பாத்திரம் கழுவும் தண்ணீர் அடுப்பு வரிசைப் பக்கம் ஓடி வரக்கூடாது. இதுவரை எந்த வரைபடக் கூட்டத்திலும் இவற்றை யாரும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. எங்களைக் கேட்டால், இந்த முறையால் கிடைத்த பெரிய லாபமே இதுதான். சொல்லாத எதுவும் கணினிக்குத் தெரியாது என்பதால் எல்லாரும் வாய் திறக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் வந்து நின்றது ஒரே ஒரு படமல்ல. பந்தியில் ஆள் கூடினால் கூரைச் செலவு கூடும். அடுப்புக்கும் கடைசி இலைக்கும் உள்ள தூரம் குறைந்தால் வெயில் கூடும். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்ற நிலையில் சில படங்கள் மிஞ்சின. எது நல்லது என்று கணினி சொல்லாது, சொல்லவும் இல்லை. புளியமரச் சண்டை தீர்ந்ததும் இந்த இடத்தில்தான். மரம் இருக்கும் படத்தையும், மரத்தை வெட்டக்கூடாது என்ற விதியைத் தளர்த்திப் பார்த்த மரமில்லாத படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மரத்தை எடுத்தால் பந்திக்கு ஒரே ஒரு வரிசை கூடுகிறது. மேற்கு வெயில் கூடத்துக்குள் இறங்குகிறது. வெட்டச் சொன்னவர்களே "ஒரு வரிசைக்காகவா" என்று விட்டுவிட்டார்கள்.

வடக்கு இறவாரம் ஏன் இத்தனை நீளம் என்று பலர் கேட்கிறார்கள். வடக்கில் வெயில் விழாது என்று நாமெல்லாம் நம்பிக்கொண்டிருந்தோம். நம் ஊர் வட அட்சம் 10 பாகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி முதல் வாரத்தையும் தாண்டி உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கும். ஆடி அன்னதானத்துக்கு நடுப்பகலில் வெயில் வருவது வடக்கிலிருந்து. லேடிபக் வரைந்த சூரியப் பாதையைப் பார்த்த பிறகு, நேரில் போய் புளியமர நிழலையும் பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

மடப்பள்ளி தென்கிழக்கு மூலைக்கு வந்தது. மாசியில் மிச்சமிருக்கும் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், ஆடிக் காற்று மேற்கிலிருந்து. இரண்டிலும் புகை கூடத்துக்குள் புகாத மூலை அதுதான். "அக்னி மூலைன்னு நாங்க மொதல்லயே சொன்னோமே" என்று பெரியவர்கள் மீசையை முறுக்கினார்கள். முறுக்கட்டும். ஆனால் இதே கூடம் கடற்கரை ஊரில் இருந்தால் சாயங்காலக் கடல்காற்று புகையை நேராகப் பந்திக்குள் தள்ளியிருக்கும் என்பதையும் அந்தப் பெண் சொல்லாமல் விடவில்லை.

கூரைச் சட்டத்தில் பட்டறைக்காரர்தான் வென்றார். இரும்பு எடை மிகக் குறைவாக வரும்படி கணினி ஒரு ட்ரஸ் (கூரையைத் தாங்கும் குழாய்ச் சட்டம்) கொடுத்தது. ஒவ்வொரு குழாயும் ஒரு நீளம், ஒரு தடிமன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடையில் குழாய் 20 அடியாகத்தான் வரும், இதை வெட்டினால் பாதி துண்டாகிப்போகும், வெல்டிங் கூலி யார் தருவது என்றார். கடையில் கிடைக்கிற இரண்டு அளவுக் குழாய் மட்டும், துண்டு மிச்சம் குறைய வேண்டும் என்று விதியை மாற்றி மறுபடி ஓட்டினார்கள். எடை கொஞ்சம் கூடியது, செலவு குறைந்தது. அதன் பிறகு கட்டமைப்புப் பொறியாளர் இந்தியத் தர விதிகளான ஐ.எஸ். 875-இன்படி காற்று பாரமும், ஐ.எஸ். 800-இன்படி இரும்பும் தனியாகக் கணக்கிட்டுக் கையெழுத்துப் போட்டார். கணினி தேர்ந்ததை அவர் அப்படியே ஏற்கவில்லை. நடு ட்ரஸ்களில் குறுக்குக் கம்பி சேர்க்கச் சொன்னார், சேர்த்தோம். அனுமதிக்குப் போனது அவர் கையெழுத்திட்ட படம்தான். மென்பொருளுக்கென்று திருப்பணி நிதியிலிருந்து பணம் எதுவும் போகவில்லை.

சிவராத்திரி அன்று பந்தி மாறும் நேரம் பழைய பந்தலை விட வெகுவாகக் குறைந்தது என்று பந்தி விசாரித்தவர்கள் சொல்கிறார்கள். வாசல் நெரிசல் இல்லை. புகை வரவில்லை. ஆனால் சாமி இறங்கும் நேரத்தில் சனம் மொத்தமும் கிழக்குத் தாழ்வாரத்தில் ஏறி நின்றுகொண்டு, சாம்பார் வாளியோடு வந்தவர்கள் நடக்க வழியில்லாமல் செய்துவிட்டது. எந்த விதியிலும் இது இல்லை. அடுத்த வருடத்துக்குள் தாழ்வாரத்துக்கு வெளியே இரண்டு படி அகலத் திண்ணை ஒன்று கட்டலாம் என்பது குழுவின் யோசனை. பொதுக்கூட்டம் முடிவு செய்யட்டும்.

கூடத்தின் வரைபடங்கள், விதிகள் எழுதிய கோப்பு, பொறியாளரின் கணக்குகள் எல்லாம் பொருளாளரிடம் பென் டிரைவில் ஒன்று, கோயில் பெட்டியில் அச்சுப் படியாக ஒன்று இருக்கின்றன. மேற்குப் பக்கத் தண்ணீர்க் கால்வாய்க்கு இன்னும் மூடி போடவில்லை, சித்திரைக்குள் போட்டுவிடுவோம். கூரை ஐப்பசி மழையைத் தாங்குவதைப் பார்த்த பிறகுதான் ஒப்பந்தக்காரரின் பிடித்தத் தொகை விடுவிக்கப்படும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு