மாத்திரைக்கு முன்னால் வர வேண்டிய பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரபுவழி மார்பகப் புற்றுநோய்க்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் ‘பார்ப்’ தடுப்பு மாத்திரைகளை (செல்லில் உள்ள பார்ப் என்ற நொதியை முடக்குபவை) பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு சிக்கலான விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய காரியம்தான். ஆனால் கட்டுரை மாத்திரையில் தொடங்கி மாத்திரையிலேயே முடிந்துவிட்டது. அந்த மாத்திரை யாருக்குப் பயன்படும் என்று சொல்கிற மரபணுப் பரிசோதனைக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. “தேவைப்பட்டால் மருத்துவர் பரிந்துரைப்பார்” என்ற அந்த வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் மருத்துவன் இல்லை. என் அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வந்தபோது செய்த பரிசோதனையில், டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் பிழை இருப்பது தெரிந்தது. அது அப்பா வழியில் வந்தது. எனக்கும் இருக்கிறது. அன்று முதல் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம்.

கட்டுரை இந்த மருந்தைப் புற்றணுக்களைத் தேடிப்போய்த் தாக்கும் ஏவுகணை என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடப்பது அதுவல்ல. மாத்திரை உடம்பு முழுக்கத்தான் போகிறது. நல்ல செல்லுக்குள்ளும் நுழைகிறது. நம் செல்களில் டிஎன்ஏ தினமும் சேதமாகிக்கொண்டே இருக்கும், செல்லும் அதைச் சரிசெய்துகொண்டே இருக்கும். ஓர் இழையில் மட்டும் விழும் முறிவைச் சரிசெய்வதில் பார்ப் என்ற நொதிக்குப் பங்கு உண்டு. இரண்டு இழைகளும் சேர்ந்து முறிந்தால், அதைப் பிழையில்லாமல் இணைக்க பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்கள் தரும் புரதங்கள் வேண்டும். மாத்திரை அந்தப் பார்ப் நொதியை டிஎன்ஏ மேலேயே சிக்கவைத்துவிடுகிறது. செல் பெருகுவதற்காக டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது, அந்த இடத்தில் இரண்டு இழைகளும் முறிகின்றன. பிஆர்சிஏ வேலை செய்யும் செல் அதைச் சமாளித்துக்கொள்ளும். வேலை செய்யாத செல் செத்துப்போகும்.

சரி, நல்ல செல் எப்படித் தப்பிக்கிறது? பிறக்கும்போதே ஒரு பிரதி பழுதாகப் பெற்றவருக்கு, மற்றப் பெற்றோரிடமிருந்து வந்த நல்ல பிரதி ஒன்று உடம்பின் செல்களில் இருக்கும். கட்டியின் செல்களோ பெரும்பாலும் அதையும் இழந்தவை. மருந்து ஆள் பார்த்து அடிப்பது இந்த ஒரு வித்தியாசத்தால்தான். இழைகளைச் சரிசெய்யும் திறன் குறையாத கட்டியில் இதன் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். அப்படியிருக்க, பரிசோதனையைத் ‘தேவைப்பட்டால்’ என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்த மருந்தின் வரலாறே இதற்கு நல்ல சாட்சி. மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான ஒரு மரபணு 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் 1990இல் காட்டினார். பிஆர்சிஏ1 1994இலும் பிஆர்சிஏ2 1995இலும் பிரித்தெடுக்கப்பட்டன. பார்ப் நொதியை முடக்கினால் பிஆர்சிஏ இல்லாத செல்கள் இறக்கின்றன என்பதை 2005இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரே நேரத்தில் வெளியிட்டன. அப்புறம் மருந்து மளமளவென்று வந்துவிட்டது என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. இல்லை. இந்த வகை மாத்திரைகளில் ஒன்றான ஓலாபரிப் 2011இல் கிட்டத்தட்டக் கைவிடப்பட்டது. நோய் திரும்பி வந்த சினைப்பைப் புற்றுநோயாளிகளிடம் நடந்த சோதனையில், பிஆர்சிஏ பிழை உள்ளவர்கள், இல்லாதவர்கள், தெரியாதவர்கள் என எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். நோய் தள்ளிப்போனது, ஆனால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம் என்று மருந்து நிறுவனம் முடிவெடுத்தது. பிறகு பிஆர்சிஏ பிழை உள்ளவர்களை மட்டும் தனியே பிரித்துக் கணக்கிட்டபோது, நோய் மீண்டும் தலைதூக்காமல் இருந்த காலம் நடுமதிப்பில் (மீடியன்) 4.3 மாதத்திலிருந்து 11.2 மாதமாக உயர்ந்திருந்தது. அந்தப் பிரிப்பு நடந்ததால்தான் 2014 டிசம்பரில் ஐரோப்பாவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதாவது மருந்தைக் காப்பாற்றியதே பரிசோதனைதான்.

கட்டுரையில் இன்னொரு குறை, ‘பல ஆண்டுகள் ஆயுள் கூடும்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னது. ஒரே மாத்திரை, கொடுக்கப்படும் கட்டத்தைப் பொறுத்து வெவ்வேறு விதமாக நடந்துகொள்கிறது. புதிதாகக் கண்டறியப்பட்ட, முற்றிய நிலைச் சினைப்பைப் புற்றுநோயில், பிஆர்சிஏ பிழை உள்ளவர்களுக்கு முதல் கீமோ பலனளித்த கையோடு இரண்டு ஆண்டுகள் வரை ஓலாபரிப் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் நோய் வளராமல் இருந்தவர்கள் 60 விழுக்காடு. மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்ட குழுவில் 27 விழுக்காடு. ஏழு ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 67 விழுக்காடு. மற்றக் குழுவில் 46.5. இந்த நோயை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய எண் என்று தெரியும்.

மார்பகத்தில், அறுவையும் கீமோவும் முடிந்து, பிஆர்சிஏ பிழையும் திரும்பி வரும் ஆபத்து அதிகமாகவும் இருந்த ஹெர்2 எதிர்மறை (கட்டியில் ஹெர்2 என்ற புரதம் மிகுதியாக இல்லாத) நோயாளிகளுக்கு ஓராண்டு ஓலாபரிப் கொடுத்த சோதனையின் முடிவு 2021இல் வந்தது. மூன்று ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 85.9 விழுக்காடு, போலி மாத்திரை பெற்றவர்களில் 77.1. ஆனால் நோய் ஏற்கெனவே உடம்பில் பரவிய மார்பகப் புற்றுநோயில் அதே மாத்திரை, நோய் வளராத காலத்தை, கீமோவில் கிடைத்த 4.2 மாதத்திலிருந்து 7 மாதமாக்கியது, அவ்வளவுதான். மொத்த ஆயுளில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. கீமோவைவிட எளிதாகத் தாங்க முடிந்தது என்பது அவர்களுக்குக் கிடைத்த உண்மையான நன்மை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இன்னும் கடைசிக் கட்டத்துக்குப் போனால் கதை வேறு. பல சுற்றுக் கீமோ முடிந்த சினைப்பைப் புற்றுநோயாளிகளுக்குக் கீமோவுக்குப் பதிலாக இந்த வகை மாத்திரைகளைக் கொடுக்க அமெரிக்காவில் இருந்த அனுமதியை, 2022இல் மருந்து நிறுவனங்களே திரும்பப் பெற்றன. கீமோ பெற்றவர்களைவிட ஆயுள் குறைவாகத் தெரிந்ததுதான் காரணம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ‘எல்லாம் பார்த்தாயிற்று, இனி அந்த மாத்திரையையும் பார்ப்போம்’ என்று நினைக்கும் குடும்பங்களுக்குத்தான் இது முதலில் தெரிய வேண்டும். பலன் அதிகம் கிடைப்பது முன்கட்டத்தில். அந்தக் கட்டத்தில் மாத்திரை கையில் இருக்க வேண்டுமென்றால், நோய் தெரிந்த உடனேயே பரிசோதனைக்கு ரத்தம் போயிருக்க வேண்டும்.

சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குப் பிறவியிலேயே பிஆர்சிஏ பிழை இருக்கிறது. அவர்களில் கணிசமானவர்களுக்குக் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் வந்ததாகவே தெரியாது. அதனால்தான் சினைப்பையின் மேலுறைச் செல்களில் தோன்றும் புற்றுநோய் (பெரும்பாலானவை இந்த வகைதான்) என்று உறுதியானால், குடும்ப வரலாறு பார்க்காமல் எல்லோருக்கும் பரிசோதிக்க வேண்டும் என்று புற்றுநோய் வல்லுநர் அமைப்புகள் சொல்கின்றன. ‘எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே’ என்ற பதிலை நானே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அவர்கள் எண்ணிப் பார்ப்பது அம்மா, பெரியம்மா, சித்தி மட்டும்தான். அத்தையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்பாவிடமிருந்தும் இந்தப் பிழை வரும், அதே பாதிக்குப் பாதி வாய்ப்போடு. ஆண்கள் அதிகமாகவும் பெண்கள் குறைவாகவும் உள்ள குடும்பத்தில் அது சத்தமில்லாமல் இரண்டு தலைமுறை கடந்துவிடும்.

கட்டியை மட்டும் பரிசோதித்தால் போதும் என்ற தொனியும் கட்டுரையில் இருந்தது. மருந்துக்கு அது போதலாம். ஆனால் கட்டியில் தெரியும் பிழை பிறவியில் வந்ததா, கட்டியிலேயே பிறகு உண்டானதா என்று பிரித்துச் சொல்ல ரத்தம் அல்லது உமிழ்நீர்ப் பரிசோதனை வேண்டும். பிறவியில் வந்தது என்றால், தங்கை, தம்பி, பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தச் செய்தி போக வேண்டும். சில நேரம் பொருள் தெளிவாகாத மாற்றம் என்றும் முடிவு வரும். அதை வைத்து மாத்திரையும் தொடங்கக் கூடாது, அறுவைக்கும் போகக் கூடாது. இதையெல்லாம் விளக்க மரபணு ஆலோசகர் வேண்டும். முடிவுத் தாளை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது பயத்தைத்தான் கொடுக்கும்.

நோய் வராத உறவினர்களுக்கு இந்த மாத்திரை தடுப்பு மருந்து இல்லை என்பதையும் எழுதியிருக்கலாம். அவர்களுக்கு மார்பகத்தில் எம்ஆர்ஐ கண்காணிப்பு உண்டு. சினைப்பைக்கு நம்பத்தக்க கண்காணிப்பு முறை இன்னும் இல்லை. அதனால் பிள்ளை பெற்று முடித்த பெண்களுக்கு, பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45க்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். எளிய முடிவு அல்ல. மாதவிடாய் சட்டென்று நின்றுபோவதன் தொல்லைகள் தனி. ஆண்களுக்கு, குறிப்பாக பிஆர்சிஏ2 உள்ளவர்களுக்கு, புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது. மார்பகப் புற்றுநோயும் வரலாம். நானும் இப்போது புராஸ்டேட்டைக் கண்காணிக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வருகிறேன்.

பக்கவிளைவே இல்லாத மருந்து என்ற வரியை மட்டும் அடுத்த இதழில் தயவுசெய்து திருத்திவிடுங்கள். ரத்தசோகை, குமட்டல், அசதி மூன்றும் சகஜம். அக்காவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது, பிறகு அளவைக் குறைத்தார்கள். ரத்த அணுக்களின் கணக்கைத் தவறாமல் பார்த்துவரச் சொல்வது வெறும் சடங்கு இல்லை. அரிதாக, எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் கடுமையான நோய்களும் வந்திருக்கின்றன. சிலருக்குக் கட்டியின் செல்கள் பழுதான மரபணுவை மீண்டும் வேலை செய்யும்படி மாற்றிக்கொள்வதால் மருந்து பலனிழந்தும் போகிறது.

இந்தப் பரிசோதனையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். யார் செய்துகொள்ள வேண்டும், எப்போது, முடிவை எப்படிப் புரிந்துகொள்வது, உறவினர்களிடம் எப்படிச் சொல்வது என்று நான்கு கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும். போன முறை போலப் பெண்கள் படங்களாகவே போடாமல், ஒரு ஆணின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்