குப்பை வண்டியில் நடுத்தடுப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவுக்கு வரும் குப்பை வண்டியில் நடுத்தடுப்பு இல்லாதது தங்களுக்குத் தெரியும். வார்டு கூட்டத்தில் சொன்னோம், மனுவும் கொடுத்தோம். இன்றைக்கும் மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் ஒரே குவியலாகத்தான் போகின்றன.

போன வாரம் உரக்கிடங்கில் ஒரு தூய்மைப் பணியாளரின் உள்ளங்கையை உடைந்த பல்பு கிழித்துவிட்டது. ஊசிப்போன சாம்பாருக்குள் கிடந்த கண்ணாடி எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வந்தார் அந்த அம்மா. மீன் செதிலும் பால் கவரும் டயப்பரும் சேர்ந்து அழுகியதைக் கையால் கிளறித்தான் பிரிக்கிறார்கள். பலாச் சீசனில் இன்னும் மோசம். சக்கைப் பாலில் ஒட்டிய பிளாஸ்டிக் பை பிய்த்தாலும் வராது. "நீங்க பிரிச்சுக் கொடுத்ததும் இதுக்குள்ளதான் கிடக்கு அக்கா" என்றார் அந்த அம்மா. எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். சரி, பிரிக்கிறோம். பிரித்ததைப் பிரித்தபடியே எடுத்துப் போகும் கடமையை உள்ளாட்சிக்குத் தந்ததும் அதே விதிகள்தான். ஆகவே தடுப்பு வைத்த வண்டியைக் கேட்கிறோம்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் புனலூரில் என் நாத்தனார் வீட்டில் சமையலறைக் கழிவு பயோ பின் என்ற உரத்தொட்டியிலேயே உரமாகிறது. கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை மட்டும் வீடுவீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வந்து வாங்கிப் போகிறார்கள். அழுகல் அவர்கள் கையில் படுவதில்லை.

2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவை திருநெல்வேலி மாவட்டத்து நடுக்கல்லூர்ப் பக்கம் கொட்டியபோது எல்லோரும் கொதித்தோம். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, லாரிகள் வந்து திரும்ப அள்ளிப் போயின. நியாயமான கோபம் அது. நம் கிடங்கில் நம் வீட்டுக் குப்பை ஒருவர் கையைக் கிழிக்கும்போது அந்தக் கோபம் எங்கே போகிறது? அதிகாரிகளை மட்டும் கேட்கவில்லை, பிரிக்காமல் கொட்டும் என் தெருக்காரர்களையும் சேர்த்தே கேட்கிறேன்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தடுப்பு வைத்த வண்டியைத் தயவுசெய்து அனுப்புங்கள். அது வரும்வரை, மக்காத குப்பையை வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுப்பதாக அறிவியுங்கள். கழுவிய பால் கவர் நாறாது. அதுவரை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நகராட்சியில் வசிக்கும் ஒரு இல்லத்தரசி