சங்கத்தோட ஆண்டறிக்கை – செயலாளர் வாசிச்சது

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் நம்ம சங்கத்துல 9 குடும்பம், இப்ப 14. புதுசா சேந்த 5 பேரும் பல் டாக்டர்கிட்ட போயித்தான் நம்ம பிள்ளைகளுக்கு இருக்கற எக்டோடெர்மல் டிஸ்பிளேசியாங்கற பிறவிக் கோளாறோட பேரையே மொத தடவையா கேட்டிருக்காங்க, மூணு வயசாகியும் பல்லு முளைக்கல, வந்த ஒண்ணு ரெண்டும் ஆணி மாதிரி கூரா இருக்குன்னு காட்டப் போனவங்க.

4 கூட்டம் நடந்துச்சு. அதிகமா பேசுனது வெயிலைப் பத்தித்தான். நம்ம பிள்ளைகளுக்கு இருக்கற மாதிரி ஈடிஏங்கற மரபணுல கோளாறுன்னா கருவுலயே பல், முடி, வேர்வை சுரப்பி மூணும் சரியா உருவாகாது, ஆனா பல்லு இல்லாதது மட்டும்தான் ஊர் கண்ணுக்குத் தெரியுது. கைக்குழந்தைல ஏன் காய்ச்சல்னே தெரியாம மாசக்கணக்கா மருந்து குடுத்தோமே, எங்க வீட்லயும் அதேதான், பிள்ளைக்கு வேர்க்கவே மாட்டேங்குது, அதான் உடம்புச் சூடு இறங்கலன்னு பாக்கத் தோணல. அதனால இந்த வருஷம் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு லெட்டர் தயார் பண்ணுனோம்: ஃபேனுக்குக் கீழ இடம், சட்டைய நனைச்சுக்க அனுமதி, வெயில்ல பிடி பீரியட் வேணாம். ஒரு ஸ்கூல்ல ஈரச்சட்டையோட வகுப்புல உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அந்தப் பிள்ளையோட அம்மா மூணு தடவ நடந்து கேட்டு வாங்குனாங்க.

இன்னொண்ணு, "உன் வம்சத்துல இருந்து வந்தது"ன்னு மருமகள ஏசுற வீடு இன்னும் இருக்கு. 1875லயே டார்வின் சிந்துப் பகுதில ஒரு குடும்பத்தப் பத்தி எழுதியிருக்காரு, நாலு தலைமுறைல 10 ஆம்பளைங்க, ஆளுக்கு முன்பல் நாலு, கடைவாய்ப்பல் எட்டு, அவ்ளோதான், வெயில் காலத்துல தோல் காஞ்சு கஷ்டப்பட்டாங்களாம். பொண்ணுங்களுக்கு வரல, ஆனா அவங்க வழியா பேரன்களுக்கு வந்துச்சு. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறதால, கோளாறான மரபணு அம்மாகிட்ட இருந்தா ஒவ்வொரு பையனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, இதுல அம்மா செஞ்ச தப்புன்னு ஒண்ணுமே இல்ல. வீட்ல பெரியவங்களுக்கு இதப் படிச்சுக் காட்டுங்க.

பல்செட் 3 வயசுல இருந்தே போடலாம், தாடை வளர வளர மாத்தணும், செலவு அதுலதான். தாடை எலும்புல பதிக்கற இம்ப்ளாண்ட் பல்லுக்குப் பெரும்பாலும் வளர்ச்சி முடியறவரைக்கும் பொறுக்கணும். ஜெர்மனில எர்லாங்கன்ல, கர்ப்பத்துலயே பனிக்குட நீர்ல ஈடிஏ மரபணு உண்டாக்க வேண்டிய புரதத்த ஊசில செலுத்தி பொறந்த 3 பசங்களுக்கு வேர்வை வந்துச்சுன்னு 2018ல வெளியாச்சு. நம்ம பிள்ளைகளுக்கு உதவாது, ஆனா அடுத்து கர்ப்பமாகுற நம்ம பொண்ணுங்க மரபணு ஆலோசனைக்குக் கட்டாயம் போங்க.

கணக்க பொருளாளர் வாசிப்பாங்க. ஏப்ரல், மே கூட்டம் ரெண்டும் சாயங்காலம் 6 மணிக்கு மேல, ஈரத்துண்டு ஒவ்வொருத்தரும் கொண்டு வந்துருங்க.