குளத்து அலைகரையில் கிடக்கும் தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) மீன்வலைகளை அகற்றித் தரக் கோரும் மூன்றாவது மனு

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

ஐயா,

மேற்படி விடயமாக மாசியிலும் வைகாசியிலும் தங்களுக்குத் தந்த இரு மனுக்களின் தொடர்ச்சியாக இதனைப் பணிவுடன் எழுதுகிறேன். முதலாவதைக் கையில் தந்தேன். இரண்டாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டுக்கும் பதில் இல்லை.

1. நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். ஞாயிறுதோறும் விடிய ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருடன் குளக்கட்டால் நடந்து, காணும் பறவைகளைப் படம் எடுத்துக் கொப்பியில் குறித்து வருகிறோம். இருப்பது ஒரு கமெரா. மாறி மாறிப் பிடிப்போம்.

2. இடம் தங்களுக்குத் தெரியும். துருசுக்கு (மதகுக்கு) அப்பால், பட்ட மருதமரங்கள் நிற்கும் அலைகரை. போன மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தபோது தாங்கள் வந்து நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்.

3. அங்கே கட்டைகளில் சிக்கியதால் அறுத்துவிடப்பட்ட வலைகள் கிடக்கின்றன. தண்ணீருக்குள் அந்த நூல் மனிதர் கண்ணுக்கே தெரியாது. சங்குவளை நாரை பெரும்பாலும் கண்ணால் பார்த்து மீன் பிடிப்பதில்லை. கலங்கல் தண்ணீரில் சொண்டைத் திறந்து வைத்திருந்து, மீன் பட்டவுடன் கவ்வும். அந்தச் சொண்டு வலைக்குள் போனால் என்ன கதி? பாம்புத்தாரா மூழ்கி மீனைக் குத்தும் பறவை. நீருக்குள் இறகு நனைந்து பாரமாகும். அதனால்தான் கட்டையில் ஏறிச் செட்டையை விரித்துக் காயவைக்கிறது. வலையில் மாட்டினால் அதற்கு மேலே வர வழியில்லை.

போன மாதம் அப்படி மாட்டிய பறவை ஒன்றை உயிரோடு கண்டோம். கழுத்தில் மூன்று சுற்று நூல். ஒரு செட்டை பின்பக்கம் முறுகியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பிளேட்டால் ஒவ்வொரு நூலாக அறுத்தேன். காலில் நூல் எலும்புவரை இறங்கியிருந்தது. ஏழாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி துவாயால் அதன் தலையை மூடிப் பிடித்தாள். கரைக்கு வர முன்னமே அது செத்துப்போயிற்று. அந்தப் பிள்ளை அதன்பிறகு நடைக்கு வரவில்லை ஐயா.

4. இது மீனவர்மேல் முறைப்பாடு அல்ல. சின்னக் கண் தங்கூசி வலை, குளத்தில் விட்ட மீன்குஞ்சையும் அள்ளுகிறது என்று மீனவர் சங்கத்து ஆட்களே வயிறெரிகிறார்கள். 2006 இலேயே தடைசெய்த வலை இது. ஓர் அலுவலகத்தில் கேட்டால் இன்னொன்றைக் காட்டுகிறார்கள். அங்கே போனால் திரும்ப முதலாவதைக் காட்டுகிறார்கள். வலை யாருடையது என்று தெரியாமல் இருக்கலாம். குளம் யாருடைய பொறுப்பு என்றுமா தெரியாது?

5. 1954 இல் மன்னார் கட்டுக்கரைக்குளத்தைச் சரணாலயம் ஆக்கியதுபோல் எங்கள் குளத்தையும் ஆக்குங்கள் என்று கேட்கவில்லை. ஒரு தோணி, நாலு ஆட்கள், ஒரு பகல். ஆட்களை நாங்களே தருகிறோம். அனுமதியில்லாமல் கை வைத்தால் நாளைக்கு "யாருடைய வலையை அறுத்தாய்" என்று கேள்வி வரும். அதற்காகத்தான் தங்கள் கையெழுத்தைக் கேட்டு மூன்றாம் முறையும் வருகிறேன்.

6. ஐப்பசி மழைக்கு முன் செய்யவேண்டும். குளம் நிரம்பினால் வலை மறுபடி மறைந்துவிடும். வலசைப் பறவைகள் வந்திறங்குவதும் அப்போதுதான்.

ஐயா, தயவுசெய்து அந்த வலைகளை எடுத்துத் தாருங்கள். அல்லது எடுக்க எங்களுக்கு அனுமதி தாருங்கள். இரண்டும் இயலாதென்றால் அதையாவது ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள்.

முன்னைய மனுக்களின் பிரதிகளும் படங்களும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
ஞாயிறு நடைப் பிள்ளைகள் சார்பில்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்