லைப்சிக்கில் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாவுக்கு

பெயர் கேட்டுக்கொள்ளவில்லை, ஆனாலும் நன்றியை ஊரறியச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் லைப்சிக் நகரத் தோமையார் ஆலயத்தில் சனிக்கிழமை மூன்று மணி இசை வழிபாட்டுக்கு நிகழ்ச்சித் தாள்தான் நுழைவுச்சீட்டு. முழுக்க ஜெர்மன். அதை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொரு பாடலின் ஓரத்திலும் பென்சிலால் பொருள் எழுதிக் கொடுத்தீர்கள்.

இசையமைப்பாளர் பாக் 1723 முதல் 1750இல் இறக்கும்வரை இங்கே வேலை பார்த்தது ஆர்கன் வாசிப்பவராக அல்ல, பாடகர் குழுவை நடத்தும் கான்டராக. ஆர்கனுக்குத் தனி ஆள் இருந்தார் என்று விரல் உயர்த்திச் சொன்னீர்கள். இங்குள்ள அவர் கல்லறையைப் படம் எடுத்துவிட்டு நகரும் கூட்டத்துக்கும் யாராவது இதைச் சொல்லலாம்.

மேற்கு மாடத்தில் சாவர் என்பவர் கட்டிய 1889ஆம் ஆண்டின் ஆர்கன். வடக்கே 2000இல் வந்த 'பாக் ஆர்கன்'. பிற்கால இசையமைப்பாளர் ரேகரை முன்னதிலும் பாக்கைப் பின்னதிலும் கேட்க வேண்டும் என்பது உங்கள் கட்சி. இப்போது என் கட்சியும் அதுவே.

சிறுவர் குழு பாடத் தொடங்கியது. 1212இலிருந்து வரும் மரபு. குரல்களோ பத்து வயதுக் குரல்கள். மேல் மாடத்திலிருந்து ஒலி வர, நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "கழுத்து வலிக்கும், காது போதும்" என்று தோளைத் தட்டினீர்கள். போதுமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆறு மணி வழிபாட்டுக்கும் வரச் சொன்னீர்கள். வருகிறேன், அம்மா. இடம் பிடித்து வையுங்கள்.