குதிக்கத் தெரியாதவன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கேமை ஆடிப் பார்த்தேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் மூன்றாவது லெவலுக்குள் வெடிகுண்டு, கொக்கி, இரட்டைத் தாவல், நேரத்தை நிறுத்தும் கடிகாரம் என்று பை நிறையச் சாமான் சேர்ந்துவிட்டது. மாட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் யோசிக்காமல் பைக்குள் கையை விட்டேன், வேலை முடிந்தது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு ஆபீஸ் கம்ப்யூட்டரில் சாப்பாட்டு நேரத்தில் நான் ஆடிய 'லோட் ரன்னர்' பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் வரும் ஆளுக்குக் குதிக்கவே தெரியாது. ஓடுவான், ஏணி ஏறுவான், கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போவான். அவனிடம் இருப்பது ஒரே வித்தை. தனக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ தரையில் ஒரு குழி தோண்டுவான். காலுக்கு நேர் கீழே தோண்ட முடியாது. தோண்டிய இடமும் கொஞ்ச நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். தங்கத்தையெல்லாம் எடுத்துவிட்டு உச்சிக்கு ஏறினால் லெவல் முடிந்தது.

இவ்வளவு சின்ன விதியிலிருந்து என்னென்ன வருகிறது பார். மூன்று அடுக்குச் செங்கலுக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்று வை. நேராக இறங்க வழியில்லை. மேல் அடுக்கில் அடுத்தடுத்து மூன்று குழி தோண்டி, இறங்கி, அடுத்த அடுக்கில் இரண்டு, அப்புறம் ஒன்று. இத்தனையும் செங்கல் மூடுவதற்குள் நடக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தரவில்லை, செத்துச் செத்துத்தான் கற்றுக்கொண்டோம். துரத்தி வரும் காவலாளி குழியில் விழுந்தால் அவன் தலைமேலேயே நடந்து போகலாம். அவன் தூக்கி வந்த தங்கமும் வெளியே வந்துவிடும். காவலாளிகள் நகர்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. அதைப் பிடித்துவிட்டால், நாம் நிற்கும் இடத்தை மாற்றியே அவர்களை வேண்டிய பக்கம் வரவைக்கலாம். எதிரியையே கருவியாக்குவதுதான் இந்த கேமில் எனக்கு மிகவும் பிடித்தது.

இதைச் செய்த டக்ளஸ் ஸ்மித், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர். முதலில் பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டரில் வெறும் எழுத்துக்குறிகளை வைத்தே படம் காட்டி, 'காங்' என்ற பெயரில் ஓடியது. 1982இல் ஒரு வார இறுதியில் ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். அதே ஆண்டு ப்ரோடர்பண்ட் என்ற கேம் வெளியிடும் நிறுவனத்துக்கு அனுப்பியபோது, எங்களுக்கு ஒத்துவராது என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். மனிதர் கடன் வாங்கிக் கலர் மானிட்டரும் ஜாய்ஸ்டிக்கும் வாங்கி, மெருகேற்றி, அந்த ஆண்டுக் கடைசியில் நான்கு நிறுவனங்களுக்கு அனுப்பினார். நான்கும் வேண்டும் என்றன. அவர் தேர்ந்தெடுத்தது, முன்பு திருப்பியனுப்பிய அதே ப்ரோடர்பண்டைத்தான். முன்பணம் 10,000 டாலர். 1983இல் 150 லெவல்களோடு கேம் வெளிவந்தது.

கூடவே ஒரு எடிட்டரும் வந்தது. நாமே லெவல் கட்டலாம். எங்கள் ஆபீசில் ஒருவர் கட்டிய லெவலை இன்னொருவர் முடித்துக் காட்டாமல் விடமாட்டார். 1984இல் வந்த 'சாம்பியன்ஷிப் லோட் ரன்னர்' 50 லெவல் கொண்டது, அதற்கும் ரசிகர்கள் கட்டிய லெவல்களே கைகொடுத்தன. அதில் தேறுவதற்கு ராட்சசப் பொறுமை வேண்டும்.

அதே ஆண்டு ஹட்சன் நிறுவனம் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீட்டு கேம் பெட்டிக்கு இதைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு அதே ஃபேமிகாமில் அவர்களுடைய 'பாம்பர்மேன்' வந்ததே, அந்த ஆள் பார்ப்பதற்கு அச்சு அசல் லோட் ரன்னர் காவலாளிதான். கடைசி லெவலை முடித்தால் மனிதனாகி லோட் ரன்னராகவே மாறிவிடுவான். ஒரு கேமின் வில்லன் இன்னொன்றில் நாயகன்!

அப்புறம் வந்தவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1994இல் வந்த 'தி லெஜண்ட் ரிட்டர்ன்ஸ்' கேமை சியரா நிறுவனம் வெளியிட்டது. 1982இல் வேண்டும் என்று கேட்ட நால்வரில் அவர்களும் ஒருவர், பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கிடைத்தது. குண்டு, பசை, பொறி என்று சாமான்களைச் சேர்த்தார்கள். 1998இல் வந்த இரண்டாம் பாகம் மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணத்தில், 1999இல் நின்டெண்டோ 64க்கு முப்பரிமாணத்தில். மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பக்கவாட்டில் முழு லெவலையும் ஒரே பார்வையில் பார்த்துத் திட்டம் போடும் சுகம் முப்பரிமாணத்தில் போய்விடுகிறது.

உன் கேமில் அந்தக் கொக்கி நல்ல யோசனை. அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு பத்து லெவல் செய்து அனுப்பேன். எடிட்டர் இருக்கிறதென்றால் அதையும் அனுப்பு, உன்னால் முடிக்க முடியாத ஒன்றைக் கட்டிக் காட்டுகிறேன். ஜாய்ஸ்டிக் எல்லாம் வாங்கி அனுப்பாதே, எனக்குக் கீபோர்டே போதும்.

அன்புடன்,
அம்மா